நெயில் பாலிஷ்: நகப்பூச்சா, நகச்சாயமா?

நெயில் பாலிஷுக்குத் தமிழில் நகப்பூச்சு, நகச்சாயம் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. நகப்பூச்சுதான் சரி என்பேன்.

சாயம் என்பது உள்ளே ஊறிப் பிடிப்பது. மருதாணி அப்படித்தான். அதிலுள்ள லாசோன் என்ற நிறமி நகத்திலுள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு சேர்ந்துவிடும். பிறகு துடைத்தால் போகாது, நகம் வளர வளர வெட்டித்தான் போக்க வேண்டும். நெயில் பாலிஷ் வேறு. எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் படலமாகும் தன்மையுள்ள நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளைக் கரைத்து நிறமி கலந்த திரவம் அது. பூசியதும் கரைப்பான் ஆவியாகி, நகத்தின்மேல் மெல்லிய படலம் மட்டும் தங்கும். அசிட்டோன் நனைத்த பஞ்சு பட்டால் அந்தப் படலம் மறுபடி கரைந்து வந்துவிடும். மருதாணியை வைக்கிறோம், சந்தனத்தைப் பூசுகிறோம்; நம் வினைச்சொற்களே இந்த வேறுபாட்டைக் காட்டுகின்றன.

பாலிஷ் என்ற சொல்லின் வேர், மழமழப்பாக்குவதைக் குறிக்கும் லத்தீன் 'பொலீரே'. ஒரு காலத்தில் மேல்நாட்டில் நகத்தில் பொடி தடவி, மென்தோலால் தேய்த்து மெருகேற்றினார்கள். குப்பித் திரவம் வந்த பிறகும் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம் க்யூடெக்ஸ். இலங்கைத் தமிழர் பலருக்கும், தமிழ்நாட்டில் மூத்த தலைமுறைக்கும் நெயில் பாலிஷ் என்றாலே க்யூடெக்ஸ்தான். இது 1911இல் அமெரிக்காவில் நார்தாம் வாரன் தொடங்கிய நிறுவனத்தின் வணிகப்பெயர். முதலில் அவர் விற்றது வண்ணம் அல்ல, நகத்தோரத் தோலை நீக்கும் திரவம். அந்தத் தோலுக்கான ஆங்கிலப் பெயர் 'க்யூட்டிகிள்'. அதிலிருந்து பிறந்ததே இந்தப் பெயர்.

நகம் வடசொல், சங்கப் பாடல்களில் வருவது உகிர். அதனால் உகிர்ப்பூச்சு என்றும் சொல்லலாம். ஆனால் எல்லோருக்கும் புரிவது நகப்பூச்சுதான்.

பூசும்போது எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு முதலில் நிறமற்ற அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடர்சிவப்புப் பூச்சு நகத்தில் மஞ்சள் கறை விடக்கூடும். அதன்மேல் வண்ணம் மெல்லிதாக இரண்டு முறை, கடைசியில் மேல்பூச்சு. தடிமனாக ஒரே முறை அப்பினால் மேலே காய்ந்தும் உள்ளே ஈரம் நிற்கும். புற ஊதா விளக்கில் இறுகும் ஜெல்லும் பூச்சு வகைதான், ஆனால் எளிதில் கரையாது. அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் எந்தப் பூச்சையும் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. நகத்தின் நிறத்தை மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் அடர்வண்ணப் பூச்சால் தடுமாறலாம்.