மீயொளி வேண்டாம், ஒளிமிஞ்சு போதும்

ஒளியைவிட வேகமாகப் போவதை 'மீயொளி வேகம்' என்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளி அறிவியல் விழாவில் பேச்சாளர் இதை நாலைந்து முறை சொன்னதும், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "வயித்துல ஸ்கேன் எடுப்பாங்களே, அதுவா சார்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேட்டதில் என்ன தப்பு? அவள் காதில் விழுந்தது மீயொலி, அதாவது அல்ட்ராசவுண்ட். பாடப்புத்தகத்தில் படித்த சொல்.

மூலச்சொல் சூப்பர்லூமினல். லத்தீனில் சூப்பர் என்றால் மேலே, லூமென் என்றால் ஒளி. அவ்வளவுதான்.

'மீ' பழந்தமிழ்தான், அதில் சண்டை இல்லை. 'மீக்கூறும் மன்னன் நிலம்' என்று குறளிலேயே வருகிறது. அங்கே மீக்கூறுதல் என்றால் உயர்த்திப் பேசுதல். பேச்சைத் தாண்டி ஓடுவதல்ல. அந்த வழியில் மீயொளி என்றால் மிகுந்த ஒளி என்றுதான் பொருள்படும். சூப்பர்நோவாவை மீயொளிர் விண்மீன் வெடிப்பு என்கிறோமே, அங்கே 'மீ' கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆக ஒரு பக்கம் மீயொலி, மறு பக்கம் மீயொளிர். நடுவில் மீயொளியையும் செருகினால் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? எங்கள் பக்கத்துப் பேச்சில் லகரமும் ளகரமும் பெரிதாகப் பிரிவதும் இல்லை. எழுத்தில் மட்டும் பிழைக்கிற சொல் வகுப்பறைக்கு ஆகாது.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பார்க்காமல் முன்னொட்டைப் பார்க்கிறார்கள். சூப்பர் வந்தால் மீ, அல்ட்ரா வந்தாலும் மீ, ஹைப்பர் வந்தாலும் மீ. சூப்பர்கண்டக்டர் மீக்கடத்தி, அல்ட்ராசவுண்ட் மீயொலி, ஹைப்பர்டெக்ஸ்ட் மீயுரை. தூய தமிழாக இருந்தால் போதுமா, விளங்க வேண்டாமா?

'மிஞ்சு' எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று படிக்காதவரும் சொல்வார். ஒளிமிஞ்சு வேகம் என்றால் ஒளியை மிஞ்சும் வேகம், விளக்கவுரை தேவையில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒளியை மிஞ்சிப் போய்ப் பழையதைப் பார்க்கும் கற்பனையைக் 'காலப்பயணம்' என்று எழுதிவிடுகிறார்கள். 1806 ஜூலை 10 காலை, சிப்பாய்களின் கிளர்ச்சியை அடக்க ஆர்க்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை வேலூர்க் கோட்டைக்குள் நுழைந்ததல்லவா, அந்தக் காட்சியைச் சுமந்த ஒளி இன்று 200 ஒளியாண்டுக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. அதை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தால் காட்சி தெரியும், அதுவும் நினைத்துப் பார்க்க முடியாத அளவு பெரிய தொலைநோக்கி இருந்தால். பார்க்கலாம், ஒரு சிப்பாயையும் காப்பாற்ற முடியாது. இது பழங்காட்சி காணல், பயணமல்ல. ஒளிமிஞ்சிச் செய்தி அனுப்பினால் காரணத்துக்கு முன்பே விளைவு வந்து நிற்கலாம் என்று சார்பியல் சொல்கிறதே, அது வேறு பேச்சு. வெறும் பழங்காட்சிக்கு ஒளியை மிஞ்சவே வேண்டாம். ஜவ்வாது மலைக் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஆந்திரமேடா என்ற விண்மீன் மண்டலத்தைப் பார்த்தால், அதில் விழுவது 25 லட்சம் ஆண்டுப் பழைய ஒளி.

ஒளியைவிட வேகமாகப் போவதாகக் கற்பனை செய்த துகளுக்கு டாக்கியான் என்று பெயர். அதை அப்படியே விடலாம். 1967இல் கிரேக்கத்திலிருந்து எடுத்து வைத்த பெயர். விளக்க வேண்டுமானால் ஒளிமிஞ்சு துகள். எம்87 விண்மீன் மண்டலத்திலிருந்து பீறிடும் தாரை ஒளியைப் போல ஆறு மடங்கு வேகத்தில் போவதாகத் தோன்றுகிறதே, உண்மையில் மிஞ்சவில்லை, நம்மை நோக்கிச் சாய்ந்து வருவதால் வரும் தோற்றம். அதற்குத் தோற்ற ஒளிமிஞ்சு வேகம்.