பொறுமை மட்டும் போதாது: சிறப்பு வகுப்பு இயங்கும் விதம்

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், "அதற்கு நிறையப் பொறுமை வேண்டுமே!" என்பார்கள். தஞ்சாவூரானாலும் திருவாரூரானாலும் இதே பாராட்டுத்தான். நல்ல மனத்தோடு சொல்வதுதான். ஆனால் அந்த ஆசிரியரின் வேலையில் பாதியை அது மறைத்துவிடுகிறது. பொறுமை எல்லா ஆசிரியருக்கும் வேண்டும். சிறப்புப் பயிற்றுநரிடம் கூடுதலாக இருப்பது ஒரு கணக்கு: பாடத்தை எவ்வளவு சிறிதாகப் பிரிப்பது, உதவியை எப்போது குறைப்பது, குழந்தை கற்றுக்கொண்டதை எப்படி அளப்பது.

கேட்டதை மனத்தில் நிறுத்தி அதைக்கொண்டு வேலை செய்ய மூளையில் இருக்கும் இடம் மிகக் குறுகியது. அதில் ஒரே சமயத்தில் சுமார் ஏழு விஷயங்கள் நிற்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதை ஏறத்தாழ நான்கு என்று குறைத்தார். ஆனால் 'ஒரு விஷயம்' என்பதன் அளவு ஆளுக்கு ஆள் மாறும். "ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை; குறுவை அறுத்த வயலில் தாளடி" என்று நீடாமங்கலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், வீட்டில் அன்றாடம் காதில் விழும் பேச்சு என்பதால் அது அவர்களுக்கு ஒரே செய்தி. ஊட்டியில் வளரும் குழந்தைக்கு அதே வாக்கியத்தில் நான்கைந்து புதிய செய்திகள். அறிவு இருவருக்கும் ஒன்றுதான். முன்பே தெரிந்தது வேறு.

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் பலருக்கு இந்த இடம் இன்னும் குறுகல். "புத்தகத்தை எடு, 42ஆம் பக்கத்தைத் திற, இரண்டாம் கணக்கைப் போடு" என்று ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்போது, முதல் கட்டளை மட்டுமே குழந்தையிடம் தங்கியிருக்கலாம். சொன்ன பேச்சைக் கேட்காதவன் என்ற பெயர் பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

அதனால் பயிற்றுநரின் முதல் வேலை பிரிப்பது. சத்துணவு சாப்பிட்ட தட்டைக் கழுவுவதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரு வேலை. பயிற்றுநரின் நோட்டில் எட்டு: எழுந்திருப்பது, மிச்சத்தைக் கொட்டுவது, குழாயடிக்குப் போவது, குழாயைத் திறப்பது, தட்டின் உள்பக்கம் தேய்ப்பது, வெளிப்பக்கம் தேய்ப்பது, குழாயை மூடுவது, தட்டைப் பைக்குள் வைப்பது. பல நேரம் கற்பித்தல் கடைசிப் படியில் தொடங்கும். முதல் ஏழு படிகளையும் குழந்தையின் கையைப் பிடித்து ஆசிரியரே செய்ய வைப்பார். பைக்குள் வைப்பதை மட்டும் குழந்தை தானாகச் செய்யும். அது கைவந்ததும் குழாயை மூடுவது சேரும், பிறகு வெளிப்பக்கம் தேய்ப்பது. பார்ப்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் இதில் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கிறது; புதிய படியைத் தாண்டினால் அடுத்து வருவதெல்லாம் ஏற்கெனவே பழகியவை.

உதவியும் படிப்படியாக விலக வேண்டும். கையைப் பிடித்தவர் அடுத்து முழங்கையைத் தொட்டால் போதும், பிறகு விரலால் சுட்டினால் போதும், கடைசியில் "அடுத்து?" என்ற ஒரு சொல். கொடுப்பதைவிட எடுப்பதுதான் கடினம். பிள்ளை சிரமப்படக் கூடாது என்று பாட்டி தட்டை வாங்கிக் கழுவிவிடும் வீட்டில், குழந்தை கற்றுக்கொள்வது காத்திருப்பதை மட்டும்தான்.

காத்திருக்க வேண்டியவர் ஆசிரியர். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் பார்த்தவை சாதாரண வகுப்புகள். காசு செலவில்லாத இந்த மாற்றத்தை நம் பள்ளிகள் நாளைக்கே செய்யலாம்.

செவித்திறன் குறைந்த குழந்தைக்குத் தடை வேறு இடத்தில் இருக்கிறது. காதொலிக் கருவி ஆசிரியரின் குரலைப் பெரிதாக்கும்போது மின்விசிறியின் இரைச்சலையும், அறுவடைக் காலத்தில் பக்கத்து வயலில் ஓடும் இயந்திரத்தின் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும்; கடைசி வரிசையில் குரல் தேய்ந்து இரைச்சல் மட்டும் மிஞ்சும். அந்தக் குழந்தை உதட்டையும் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறது. 'பாடு', 'மாடு' இரண்டையும் கண்ணாடி முன்னால் நின்று ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். எதைச் சொன்னார் என்பதை முன்பின் சொற்களும் முகபாவமும்தான் காட்டிக்கொடுக்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் அதுவும் போயிற்று. ஜன்னலுக்கு முன்னால் நின்றாலும் முகம் இருண்டுவிடும். எழுதி முடித்து, திரும்பி, வெளிச்சம் முகத்தில் படும்படி நின்று பேசும் ஆசிரியரால் முப்பது பேருக்கும் நன்மை.

சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், சில பிள்ளைகள் கேட்டுக் கற்பவர்கள் என்று பிரித்து நடத்தும் வழக்கம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 2008இல் ஹெரால்டு பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது அதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. குழந்தை எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பிரிப்பது பொருத்தமானது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று செய்வது அதைத்தான். சிறப்பு வகுப்பின் கணக்கு பொது வகுப்புக்கு வந்துவிட்டது.

ஆள்தான் போதவில்லை. தொடக்கப் பள்ளிகளில் மாற்றுத்திறன் மாணவர்கள் 10 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் வகுத்தது. நடைமுறையில் வட்டார வள மையத்துப் பயிற்றுநர் ஒருவர் பல பள்ளிகளுக்கு முறை வைத்துப் போகிறார். அவர் வராத நாள்களில் அதே படிகளை அதே வரிசையில் வகுப்பாசிரியரும் அம்மாவும் தொடர வேண்டும். ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் அது புதுப் பாடம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: எங்கள் பிள்ளைக்கு எதை, எந்தப் படிகளில் கற்பிப்பது என்று எழுதிய தனிநபர் கல்வித் திட்டம் யாரிடம் இருக்கிறது? இந்த மாதம் எந்தப் படியில் இருக்கிறோம்?