விபத்து இழப்பீட்டில் செயற்கைக் கால்: ஒன்றுக்கு மட்டும் பில் வைக்காதீர்கள்

சாலை விபத்தில் கால் போனவர், மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவின்கீழ் தீர்ப்பாயத்தில் மனுப் போடும்போது, செயற்கைக் காலுக்கும் அதன் பராமரிப்புக்கும் தனித் தொகை கேட்கலாம். முதலில் வாங்கிய காலின் பில்லை மட்டும் இணைத்துவிட்டு நிறுத்திக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான். அந்தக் கால் ஆயுளுக்கும் வராது.

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், விபத்தின்போது மனுதாரருக்கு வயது 37. செயற்கைக் காலின் விலை ரூ.2,60,000, ஆயுள் 5 முதல் 6 ஆண்டு. ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை பழுது பார்க்க ரூ.15,000 முதல் 20,000 வரை. ஏற்கெனவே தந்த தொகை 15 ஆண்டுக்குத்தான் எட்டும் என்று சொன்ன நீதிமன்றம், கால் வாங்க ரூ.7,80,000, பராமரிப்புக்கு ரூ.5,00,000 என்று உயர்த்தியது.

இதே விலையை வைத்து நாமே கணக்குப் போடலாம். இன்னும் 30 ஆண்டு வாழ்வார் என்று வையுங்கள். 6 ஆண்டுக்கு ஒன்று என்றால் 5 கால், 13 லட்சம். வருடத்துக்கு ஒரே ஒரு பழுது, அதுவும் ரூ.15,000 என்றாலே 4.5 லட்சம். மொத்தம் 17.5 லட்சம். கேட்டது அப்படியே கிடைத்துவிடாதுதான். ஆனால் கணக்கே காட்டாதவருக்கு எதை வைத்துத் தருவார்கள்?

இன்னொரு குழப்பம் பெருக்கெண். 36 முதல் 40 வயதுக்கு அது 15. அது ஆண்டு வருமானத்தைப் பெருக்கி வருமான இழப்பைக் கணக்கிட வைத்த எண்; கால் எத்தனை ஆண்டுக்கு வேண்டும் என்பதற்கு அல்ல. வேலை பார்க்கும் வயது முடிந்தாலும் நடந்துதானே ஆகவேண்டும்? அதனால் காலின் எண்ணிக்கைக்கு எதிர்பார்க்கும் ஆயுளை எடுத்துக் கேட்பதே நியாயம்.

காலின் எல்லாப் பாகமும் ஒன்றாகத் தேய்வதில்லை. உள்ளே போடும் சிலிக்கோன் உறை சீக்கிரம் கிழியும். அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் வருடத்தில் எஞ்சிய கால் சுருங்கும். சாக்கெட் (எஞ்சிய காலைச் செருகும் கூடு) தொளதொளவென்று ஆகி, தோல் உரசிப் புண்ணாகும். பாதமும் மூட்டும் நன்றாக இருக்கும்போதே சாக்கெட்டை மட்டும் மாற்ற நேரும். ஆகவே கால் செய்து தரும் மையத்தில் எஸ்டிமேட் கேட்கும்போது மொத்த விலையோடு விடாதீர்கள். பாகம் பாகமாக விலை, ஒவ்வொன்றும் எத்தனை நாள் வரும், பழுதுச் செலவு எவ்வளவு என்று கையெழுத்துடன் வாங்குங்கள். முடிந்தால் அதைத் தயாரித்த நிபுணரையே சாட்சியாக அழையுங்கள். மாற்றுத்திறன் சான்றிதழ், சிகிச்சை பில்கள் எப்படியும் வேண்டும். மனுவுக்குச் சட்டம் தரும் கெடு விபத்து நாளிலிருந்து 6 மாதம்.

சரி, சர்க்கரை நோயால் கால் எடுத்தவர்களுக்கு? இழப்பீடு கேட்க எதிராளி இல்லை. மாற்றுத்திறனாளிகள் உதவிக் கருவி வாங்க உதவும் மத்திய அரசின் 'அடிப்' (ADIP) திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மாத வருமானம் ரூ.22,500 வரை முழு உதவி, ரூ.30,000 வரை பாதி. ஒருமுறை வாங்கினால் 3 ஆண்டு கழித்துத்தான் அடுத்தது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போதும். வளரும் பிள்ளைக்கு அளவு அதற்குள் மாறிவிடும்.