தொற்றுத் தாவரம்: ஒட்டி நிற்பதெல்லாம் ஒட்டுண்ணி அல்ல

எக்மியா ஃபாசியாட்டா என்ற செடிக்கான, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்த வளர்ப்புக் குறிப்பு ஒன்றைப் படித்தேன். அன்னாசிக் குடும்பம், வெள்ளிப் பட்டை போட்ட இலைகள், நடுவில் இளஞ்சிவப்புப் பூங்கொத்து. குறிப்பின் முதல் வரியே ‘இது மரங்களில் வளரும் ஒட்டுண்ணிச் செடி’ என்றது. இதே தவறை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது? பேச்சுவாக்கில் யாராவது சொன்னால் விட்டுவிடலாம். மொழிபெயர்ப்பாளர் எழுதினால் விட மனம் வரவில்லை.

ஆங்கில மூலச்சொல் எபிஃபைட். கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல், ‘ஃபைட்டான்’ என்றால் செடி. இன்னொரு செடியின் மேல் இருக்கும் செடி, அவ்வளவுதான். அது எதை உண்கிறது என்று அந்தச் சொல் வாயே திறக்கவில்லை.

உண்பதைச் சொல்வது ஒட்டுண்ணிதான். ஒட்டியிருந்து உண்பது ஒட்டுண்ணி. மாட்டைக் கடிக்கும் உண்ணியும் அதே உண்ணிதான். செடிகளில் இதற்குப் பழைய உதாரணம் புல்லுருவி. கிளைக்குள் உறிஞ்சுவேரை இறக்கி, மரத்தின் நீரையும் உப்பையும் இழுத்துக்கொள்ளும். எக்மியா அப்படியா? பிரேசிலின் தென்கிழக்கு மழைக்காடுகளில் அது மரக்கிளையில் உட்கார்ந்திருக்கிறது, சரி. ஆனால் அதன் வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்குத்தான். இலைகள் வட்டமாக அடுக்கி, நடுவே ஒரு கிண்ணம் உண்டாகிறது. அதில் மழைநீர் தேங்கும், சருகு விழும், பூச்சி செத்து ஊறும். அந்தச் சாற்றை இலைமேல் இருக்கும் நுண்செதில்கள் உறிஞ்சிக்கொள்ளும். நாம் அழகென்று பார்க்கிற வெள்ளிப் பட்டையே அந்தச் செதில்கள்தான். மரத்திடம் அது வாங்கிக்கொண்டது உட்கார ஓர் இடம் மட்டும். குடியிருக்க வந்தவரைத் திருடர் என்று எழுதலாமா?

எழுதினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். தெரிந்தவர் ஒருவர் கிளையில் கட்டி வளர்த்த எக்மியாவைப் பிடுங்கி எறிந்துவிட்டார். கேட்டால், ‘ஒட்டுண்ணியாமே, மரம் பட்டுப்போய்விடாதா?’ என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்லை நம்பினார்.

இதற்கு நேரெதிர்க் கூத்து ‘காற்றுச் செடி’. இந்தக் குடும்பத்திலேயே இருக்கும் டில்லாண்ட்சியா மண்ணில்லாமல் வளர்வதால் அதற்கு ஆங்கிலத்தில் வந்த செல்லப்பெயரை அப்படியே பெயர்த்துவிட்டார்கள். காற்றைக் குடித்தே பிழைத்துக்கொள்ளும் என்று நம்பித் தண்ணீரே காட்டாமல் காயவிட்டவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

‘மேலொட்டி’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பொருளில் பிழையில்லை. எனக்கு உறுத்துவது அந்த ‘ஒட்டு’. தோட்டக்கலையில் ஒட்டு என்றால் ஒட்டுக்கட்டுதல். இரண்டு செடியின் திசு ஒன்றாகிவிடும். இங்கே எதுவும் ஒன்றாவதில்லை. பாடநூல்களில் இருக்கும் ‘தொற்றுத் தாவரம்’தான் சரி. தொற்று என்றால் நோய் நினைவு வருகிறதே என்பார்கள். வரட்டும். தொற்றிக்கொள்வது என்றால் பற்றிப் பிடித்துக்கொள்வது. படியில் தொற்றிக்கொண்டு போகிறவர் பேருந்தையா தின்கிறார்? நோய்க்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம் என்பதற்காகச் செடிக்கு இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளியில் படித்த சொல்லை மறந்துவிட்டு அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துப் போடும் பழக்கம்தான் இதிலெல்லாம் எரிச்சல்.

தொற்றுத் தாவரம் என்று புரிந்துகொண்டால் வளர்ப்பு முறை தானாக விளங்கும். வேர் பிடிமானத்துக்கு என்பதால் கனத்த மண் வேண்டாம். மரப்பட்டைத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு போல நீர் நிற்காத கலவை போதும். தொட்டி சொதசொதவென்று இருந்தால் அடி அழுகிவிடும். தண்ணீரை நடுக்கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது கொட்டி மாற்றினால் நாற்றமும் கொசுப்புழுவும் இருக்காது. நல்ல வெளிச்சம் வேண்டும், உச்சிவெயில் நேரே படக்கூடாது. இலையைத் துடைத்துப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்குங்கள், செதில் போய்விடும். இலை ஓரத்து முள்ளும் கவனம். வளர்ந்த செடி பூக்காமல் அடம் பிடித்தால், கிண்ணத்து நீரைக் கொட்டிவிட்டு, பழுத்த ஆப்பிள் ஒன்றோடு சேர்த்து ஒரு வாரம் பாலித்தீன் பையில் மூடி வைப்பார்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். அதற்குப் பிறகு பூ வரச் சில வாரங்கள் பிடிக்கும்.

பூப்பது ஒரே முறை. இளஞ்சிவப்புக் கொத்து மாதக்கணக்கில் நிற்கும், அப்புறம் தாய்ச்செடி மெல்ல மடியும், அடியில் புதிது கிளம்பும். அதே குறிப்பு இங்கே ‘குட்டிகளைப் பிரித்து நடவும்’ என்றது. ஆங்கிலத்துக்காரர் அதை நாய்க்குட்டிக்கான சொல்லால் அழைக்கிறார் என்றால் நமக்கென்ன? தொல்காப்பிய மரபியல் ஓரறிவு உயிருக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று நான்கு பெயர் தருகிறது. அதில் குட்டி கிடையாது. வாழைக்கு நாம் சொல்வதும் கன்றுதானே. கன்று தாயில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்த பின் கூரான கத்தியால் அறுத்துத் தனியே வையுங்கள்.