எச் கார்டுக்கு விலை இல்லை: சுங்கத் தரகு வேலைக்குப் போகும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை ஏற்றுமதி இறக்குமதித் துறையில் நுழைய ஆசைப்பட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "கஸ்டம்ஸ் கார்டு வாங்க எந்தப் படிப்பில் சேர்க்க வேண்டும்?" என்பதுதான். எந்தப் படிப்பிலும் சேர்க்க வேண்டாம். முதல் கார்டான எச் கார்டு, அதாவது சுங்க அலுவலகம் தரும் அடையாள அட்டை, வேலைக்குச் சேர்ந்த பிறகு வருவது. எந்தப் பயிற்சி மையமும் அதை வழங்க முடியாது, எவ்வளவு கட்டணம் கட்டினாலும் சரி.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 146ஆம் பிரிவின்படி, உரிமம் பெற்ற சுங்கத் தரகர்தான் பிறர் சார்பில் சரக்கைச் சுங்கத்தில் விடுவிக்கும் வேலையைச் செய்யலாம். துறைமுகத்தில் இவர்களை கிளியரிங் ஏஜென்ட் அல்லது சி.எச்.ஏ. (கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட்) என்பார்கள். இவர்கள் யாரை வேலைக்கு வைக்கலாம் என்பதை 2018ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதற்கு இணையான தேர்ச்சி இருந்தால் போதும். தரகர் உங்கள் பெயரைச் சுங்க அலுவலகத்துக்கு அனுப்புவார். அலுவலகம் புகைப்பட அடையாள அட்டை வழங்கும். அதுதான் எச் கார்டு. வேலையை விட்டால் அந்த அட்டையையும் ஒப்படைக்க வேண்டும். அது உங்கள் சொத்து அல்ல, அந்த வேலையின் அடையாளம்.

எச் கார்டுக்காரர் உதவியாளர். கோப்புடன் அலைவார், சரக்கைத் திறந்து காட்டுவார், கேள்விக்குப் பதில் வாங்கி வருவார். ஆவணத்தில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அடுத்த படி ஜி கார்டு. சுங்க அலுவலகத்தில் துணை ஆணையரோ உதவி ஆணையரோ நடத்தும் தேர்வில் வென்றால் கிடைக்கும். அதன் பிறகு, தரகர் எழுத்துப்பூர்வமாக அதிகாரம் கொடுத்தால், அவர் சார்பில் கையெழுத்திடலாம். மேல்படி எஃப் கார்டு. சுங்கத் துறையின் தேசியப் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறியவர்களுக்கு உரியது அது. சொந்த உரிமம் பெறவும் அந்தத் தேர்வுதான் வாசல். பட்டப்படிப்புடன் ஜி கார்டில் இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். எம்.பி.ஏ., சி.ஏ., சட்டம் போன்ற தொழிற்பட்டம் உள்ள பட்டதாரிகளுக்கு வேறு வழி உண்டு என்றாலும், வேலையோடு தொலைநிலையில் ஒரு பட்டம் முடித்து ஜி கார்டு வழியே போவதுதான் நம் பிள்ளைகளுக்குச் செலவு குறைந்த பாதை என்பேன். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடைக் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஏணி புதிதல்ல.

ஃபிரைட் ஃபார்வர்டர் வேறு ஆள். கப்பலிலோ விமானத்திலோ இடம் பிடித்து, சரக்கை வாசலிலிருந்து வாசலுக்கு அனுப்பி வைப்பவர். அந்த அலுவலகத்தில் முன்பதிவு, கட்டண ஒப்பீடு, ஆவணம் தயாரிக்கும் வேலைகளுக்கு கார்டு தேவையில்லை. பல நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே நடத்துவதால், சேரும்போது எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

கற்க வேண்டியது என்ன என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் என்று பில்லில் எழுதியிருந்தால், புதிதாக வந்த பையன் சுட்ட பீங்கான் டைல்ஸுக்கான 6907 என்ற சரக்கு வகைப்பாட்டு எண்ணில் ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம், போட்டுவிடுவான். ஆத்தங்குடிக் கல் சூளையையே பார்ப்பதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக்கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அது 6810, சிமெண்ட் பொருள்கள். பனை ஓலைக் கொட்டானுக்கு 4602.

இன்னும் சிக்கலானது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்கும் பழைய தேக்குக் கதவும் தூணும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் நூறு ஆண்டைத் தாண்டியிருந்தால் அது தொல்பொருள். தனியார் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பகுதி அந்த வயதைத் தொட்டுவிட்டது. ஆகவே, "தொல்பொருள் அல்ல" என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழ் இருக்கிறதா என்று பெட்டி கட்டுவதற்கு முன்பே கேட்கத் தெரிந்தவன்தான் அலுவலகத்துக்கு வேண்டிய ஆள். ஊழியர் செய்யும் பிழைக்கும் தரகரே பொறுப்பு என்று விதி சொல்கிறது. உரிமமே போகக்கூடும் என்பதால்தான் முதலாளிகள் ஆள் எடுப்பதில் அவ்வளவு தயங்குகிறார்கள்.

இனிப் பணம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின் கீழ், தரகு அலுவலகத்தில் பதிவு செய்த ஒப்பந்தத்துடன் பயிற்சி பெற்றால் உதவித்தொகை உங்கள் உரிமை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்த குறைந்தபட்சம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 ரூபாய். கையெழுத்திடும்போது நடப்பில் இருக்கும் தொகையை அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2016இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய அரசு ஏற்று உங்கள் வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறது. முதலாளியிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். சிறிய அலுவலகங்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது.

இரண்டு கசப்பான உண்மைகளும் உண்டு. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் பழகுநரை எடுப்பது கட்டாயம். நான்கு முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள இடத்தில் அது அவர்கள் விருப்பம். தூத்துக்குடியின் சிறிய தரகு அலுவலகங்கள் இந்த இரண்டாம் வகையில் வந்துவிடும். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கடமையும் ஒப்பந்தத்தில் எழுதாதவரை முதலாளிக்கு இல்லை.

ஒப்பந்தமே போடாமல் "ஆறு மாதம் சும்மா பழகு, பிறகு பார்க்கலாம்" என்றால் அது இந்தத் திட்டத்தின் கீழ் வரும் பயிற்சி அல்ல, சம்பளமில்லாத வேலை. "கார்டு போட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டு" என்பவரிடம் தரகர் உரிம எண்ணைக் கேளுங்கள். எண் சொல்ல முடியாதவர் உங்கள் பெயரில் எச் கார்டுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. பழகுநர் ஒப்பந்தம் பற்றிய சந்தேகங்களுக்குச் சிவகங்கையில் உள்ள மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தை அணுகலாம். ஆதார், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஆதாரிலும் சான்றிதழிலும் இனிஷியல் வேறுபட்டிருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.