புள்ளியை வைத்து நேரம் கணிக்காதீர்கள்

முல்லைத்தீவுக் கரையோரச் சுனாமி ஒத்திகைகளில் ஒரு படத்தை அடிக்கடி பார்க்கிறேன். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அங்கிருந்து வன்னிக் கரைக்கு ஓர் அம்புக்குறி. அலை வரும் நேரத்தை அந்த அம்பின் நீளத்தை வைத்தே கணக்குப் போட்டிருப்பார்கள். சுனாமி மாதிரிக் கணிப்பில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நேரத்தை நம்பி யாரும் திட்டம் போடக் கூடாது.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் கடலடிப் பாறையின் உடைப்பு அந்தப் புள்ளியில் தொடங்கியது, அவ்வளவுதான். அங்கிருந்து வடக்கே நிகோபார், அந்தமான் வரை 1,200 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. அதற்கு எட்டுப் பத்து நிமிடம் பிடித்தது. வரைபடத்தில் முல்லைத்தீவிலிருந்து நேர் கிழக்கே விரலை நகர்த்துங்கள், கார் நிகோபாரில் போய் நிற்கும். தொடங்கிய இடம் எங்களுக்கு ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர். நிகோபார்ப் பக்க உடைப்போ 1,300தான். 4 கிலோமீற்றர் ஆழக் கடலில் சுனாமி மணிக்குச் சுமார் 700 கிலோமீற்றர் ஓடும். உடைப்பு வடக்கே வந்துசேர எடுத்த நிமிடங்களைச் சேர்த்துக்கொண்டாலும், புள்ளிக் கணக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். கள்ளப்பாட்டிலோ செம்மலையிலோ பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியவர்களுக்கு அந்த அரை மணி எவ்வளவு பெரியது!

சரி, புள்ளிக்குப் பதில் எதை வரைவது? பாறை உடைந்து நழுவும் சாய்ந்த ஒரு தளத்தை. அது எந்தத் திசையில் நீள்கிறது, எத்தனை பாகை சரிந்திருக்கிறது, மேல் விளிம்பு எந்த ஆழத்தில், நீள அகலம் என்ன, எந்தப் பக்கம் எத்தனை மீற்றர் நழுவியது என்பதெல்லாம் வேண்டும். இதில் பலர் அசட்டையாக விடுவது சரிவை. 5 கிலோமீற்றர் ஆழத்திலிருந்து 30 வரை உடைவதாக வைப்போம். சரிவு 10 பாகை என்றால் தளத்தின் அகலம் 144 கிலோமீற்றர், 15 பாகை என்றால் 97தான். தாழ்ந்த கூரைக்கு நீளமான கைமரம் வேண்டும் அல்லவா, அதே கணக்கு. நிலநடுக்க அளவையும் தளத்தின் நீளத்தையும் மாற்றாமல் வைத்தால், குறுகிய தளம் ஒன்றரை மடங்கு நழுவியாக வேண்டும். கடலடி உயரும் விதம் மாறும், கரையேறும் தண்ணீரும் மாறும்.

நழுவும் பக்கமும் முக்கியம். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியது. பாறை பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. அதற்காக, அன்று கரையை விட்டு ஓடியவர்கள் வீணாக ஓடினார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் நிமிடங்களில் இடமும் ஓர் உத்தேச அளவும்தான் கிடைக்கும். 2004இல் முதலில் வந்த மதிப்பீடு 8.0, பிற்பாடு அது 9.1 ஆனது. தளத்தின் வடிவம் திட்டம் போடும் மேசைக்கு உரியது. எச்சரிக்கை வந்தால் ஓடத்தான் வேண்டும்.

அடுத்த ஒத்திகையில் அந்தப் படத்தைக் காட்டினால், எந்தத் தளத்தை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். அப்புறம், நிகோபார்ப் பகுதி மட்டும் உடைந்தால் எத்தனை மணிக்கு அலை வரும் என்றும் கேளுங்கள்.