போர்ட்: தமிழில் துறை

திருகோணமலைக் கந்தோர்களில் வலையமைப்பில் உள்ள பிரிண்டர் நின்றுபோனால், “போர்ட் பிழைச்சுப் போச்சு” என்ற பேச்சு உடனே எழும். சுவரோரம் வயர் செருகும் பொருத்தி, அச்சு வேலைகளை வாங்கி பிரிண்டருக்கு அனுப்பும் பொதுக் கணினியான சேர்வரில் அந்த பிரிண்டருக்கென விண்டோஸ் வைத்திருக்கும் பதிவு, பிரிண்டர் செவிகொடுத்துக் காத்திருக்கும் எண் ஆகிய மூன்றையும் நாம் இந்த ஒரே சொல்லால் குறிப்பதால், சொல்பவர் ஒன்றை நினைக்கக் கேட்பவர் வேறொன்றைத் தேடுகிறார்.

இலத்தீனில் ‘போர்ட்டா’ என்றால் வாயில், ‘போர்ட்டுஸ்’ என்றால் துறைமுகம். இரண்டும் கடந்து செல்லுதல் என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை. கணினியின் போர்ட், வாயில் என்ற பொருளிலிருந்து வந்ததாகவே ஆங்கில அகராதிகள் காட்டுகின்றன. அப்படியானால் ‘வாயில்’ என்றே தமிழாக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் பிரிண்டரின் அமைப்புத் திரையில், வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் ஐபி முகவரிக்கு அருகிலேயே, வெளி வலையமைப்புக்குப் போகும் வழியைக் குறிக்கும் ‘கேட்வே’ என்றொரு இடமும் உண்டு. அதற்குத் தமிழில் நுழைவாயில் என்ற சொல் முன்பே நிலைத்துவிட்டது. ஒரே திரையில் வாயிலும் நுழைவாயிலும் இருந்தால் குழப்பமே மிஞ்சும்.

பொருத்தமான சொல் ‘துறை’. ஆற்றிலோ கடலிலோ மக்கள் இறங்கவும் ஏறவும் கடக்கவும் வழக்கமாகக் கொண்ட இடமே துறை. கரை நெடுகிலும் நீர் இருந்தாலும் எல்லா இடமும் துறையாவதில்லை. 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்குப் படகுப்பாதையில் கடந்தவர்களுக்கு ‘துறையடி’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. காங்கேசன்துறை, பருத்தித்துறை என்ற ஊர்ப்பெயர்களில் இருப்பதும் இதே சொல்தான். ஒரு முகவரி கொண்ட கருவியில், இன்ன வேலைக்கு இன்ன இடத்தில் இறங்க வேண்டும் என்று வகுத்திருப்பதே கணினித் துறையும்.

தமிழ்நாட்டில் அரசின் நிருவாகப் பிரிவையும் துறை என்பதால் அங்கே இச்சொல்லில் சற்று மயக்கம் நேரக்கூடும். நாம் அதைத் திணைக்களம் என்பதால் இங்கே அந்தத் தொல்லை குறைவு. ‘துறைமுகம்’ என்று நீட்டி எழுதுவது மட்டும் தவறு. அது கப்பலுக்கே உரியது.

சொல்லைப் பிரித்து ஆளும்போதுதான் பழுதும் பிரிந்து தெரிகிறது. முதலாவது, வயர் பொருந்தும் இணைப்புத் துறை. 1981இல் வந்த ஐபிஎம் கணினிக் காலத்தில் எல்பிடி1 என்ற 25 துளைப் பொருத்தியே பிரிண்டரின் துறை. இன்று அந்த இடத்தில் வலையமைப்பு வயரின் பொருத்தி இருக்கிறது. அதன் சிறு விளக்கு எரியாவிட்டால் சேர்வரில் எதையும் தேடிப் பயனில்லை.

இரண்டாவது, துறை எண். 0 முதல் 65535 வரை எண்கள் உண்டு. பிரிண்டர்கள் பெரும்பாலும் நேரடி அச்சுத் தரவை 9100இல் பெறுகின்றன. வலையமைப்பு வழியே அச்சிடும் வேறு இரு முறைகளில், பழைய எல்பிஆர் முறைக்கு 515, ஐபிபி முறைக்கு 631. இங்கே பலர் தடுமாறுகிறார்கள். பிரிண்டரின் முகவரிக்குப் ‘பிங்’ என்ற சிறு சோதனைச் செய்தி கொடுத்துப் பதில் வந்ததும், தொடர்பு சரி என்று முடிவுகட்டி, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்து அழித்துப் போடுகிறார்கள். பிங் எந்தத் துறை எண்ணையும் தொடுவதில்லை. அந்த முகவரியில் ஒரு கருவி விழித்திருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். 9100 திறந்திருக்கிறதா, வலையமைப்புத் தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வால் இடையில் மறிக்கிறதா என்பதை அந்த எண்ணைக் குறிப்பிட்டே சோதிக்க வேண்டும். விண்டோஸில் கட்டளைகளை எழுதி இயக்கும் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு முகவரியோடு எண்ணையும் கொடுத்தால் விடை கிடைக்கும். சோதனையைச் சேர்வரிலிருந்தே செய்ய வேண்டும். ஏனெனில் பகிர்ந்த பிரிண்டருக்கு மேசைக் கணினி அனுப்பும் வேலை முதலில் சேர்வரை அடைந்து, அங்கிருந்தே 9100க்குப் போகிறது.

மூன்றாவது, அச்சுத் துறை. சேர்வரில் பிரிண்டரின் பண்புகளைத் திறந்தால் ‘போர்ட்ஸ்’ என்ற தாவலில் தெரிவது இதுதான். முகவரி, முறை, துறை எண் மூன்றையும் சேர்த்து எழுதிவைத்த பதிவு இது. மின்சாரம் போய்வந்த பிறகு முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி வழியாக பிரிண்டர் புதிய முகவரி பெற்றிருக்க, இப்பதிவு பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். வேலைகள் வரிசையில் தேங்கும். கிழமைக்கொரு முறை முகவரியைத் திருத்துவதைவிட, பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்குவதே முறையான தீர்வு. விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் டபிள்யூஎஸ்டி துறையைச் சேர்வரில் நம்பியிருப்பதும் நல்லதன்று. முகவரியையும் எண்ணையும் நாமே கொடுக்கும் டிசிபி/ஐபி துறையைக் கையால் அமைப்பதே உறுதியானது.

அதே அமைப்பில் ‘எஸ்என்எம்பி நிலை’ என்ற ஒரு குறியீட்டுப் பெட்டி உண்டு. அது தெரிவுசெய்யப்பட்டிருந்தால் சேர்வர் பிரிண்டரின் நிலையை 161 என்ற வேறொரு துறையில் கேட்கும். அங்கே பதில் வராவிட்டால், 9100 நன்றாகத் திறந்திருந்தாலும் பிரிண்டர் ‘ஒஃப்லைன்’ என்றே காட்டப்படும். ஆகவே முறைப்பாடு எழுதுபவர் ‘போர்ட் வேலை செய்யவில்லை’ என்று நிறுத்தாமல், இணைப்புத் துறையா, துறை எண்ணா, அச்சுத் துறையா என்பதையும், எண்ணானால் 9100ஆ 161ஆ என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.